7. பெரிய குடையை ஸ்டூடியோ ஃபிளாஷில் பொருத்துதல்

ஸ்டூடியோ ஃபிளாஷ் என்பது மின்தேக்கிகளில் சேர்த்துவைத்த ஆற்றலைக் கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவான பொழுதில் ஒளியாக வெளிவிடும் விளக்கு ஆகும். அதன் சிறிய, கடுமையான ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் கருவிகளுள் குடையே மிக எளியது, விலையிலும் குறைந்தது. ஒரு மீட்டர் விட்டத்துக்கு உட்பட்ட குடைகளைப் பொருத்துவதற்குத் தனி அத்தியாயம் எதுவும் தேவையில்லை. தண்டைத் துளையில் செருகித் திருகை முடுக்கினால் வேலை முடிந்துவிடும். விட்டம் 130 செ.மீ.-ஐத் தாண்டி 165, 210 செ.மீ. என்று வளரும்போதுதான் நிலைமை மாறுகிறது. 100 செ.மீ. குடையோடு ஒப்பிடுகையில் 165 செ.மீ. குடையின் பரப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு ஆகிறது. அதற்கேற்பத் தண்டு நீள்கிறது, எடை விளக்கிலிருந்து விலகிப் போகிறது, காற்று பிடிக்கும் துணியும் பெருகுகிறது. விளக்கின் துளை, மூட்டு, ஸ்டாண்டு ஆகியவையோ பெரும்பாலும் சிறு குடையை எண்ணி வடிவமைக்கப்பட்டவையாகவே இருக்கின்றன. பெரிய குடையால் நேரும் விபத்துகள் ஏறக்குறைய எல்லாமே இந்த மூன்று இடங்களில் ஒன்றிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆகவே இவ்வத்தியாயம் ஒளியின் அழகைக் காட்டிலும் இந்த மூன்றைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறது.

எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது உட்புறம் வெள்ளையும் வெளிப்புறம் கறுப்புமான, ஆழம் மிகுந்த 165 செ.மீ. குடையும், போவன்ஸ் மவுண்ட் கொண்ட 400 வாட்-செகண்ட் மோனோலைட்டும் ஆகும். மின்வழங்கியும் ஒளிக்குழாயும் ஒரே உடலில் அமைந்த விளக்கே மோனோலைட். போவன்ஸ் மவுண்ட் என்பது மூன்று காதுகளைச் செருகித் திருப்பிப் பூட்டும் வளையம். அதை உருவாக்கிய பிரித்தானிய நிறுவனம் 2017-இல் மூடப்பட்டுவிட்டபோதிலும், கோடாக்ஸ் உள்ளிட்ட பல நிறுவனங்கள் அந்த வளையத்தைத் தொடர்ந்து பயன்படுத்துவதால், கடைகளில் மிக எளிதில் கிடைக்கும் துணைக்கருவிகள் அதற்குரியவையாகவே உள்ளன.

குடை எந்தத் திசையை நோக்கும்?

எதிரொளிக்கும் குடையில் விளக்கு மனிதரை நோக்காமல் குடையின் உட்குழிவை நோக்கி நிற்கிறது. ஒளி துணியில் பட்டுத் திரும்பி வருகிறது. இதனால் தண்டின் வால்முனை விளக்கைக் கடந்து, படம் எடுக்கப்படும் மனிதரின் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். ஊடுருவும் குடையில், அதாவது கறுப்பு உறை இல்லாத மெல்லிய வெள்ளைத் துணிக் குடையில், விளக்கு மனிதரை நோக்கி நிற்கும். குடையின் கூம்பு முனை அவர் பக்கமும், தண்டின் வால் புகைப்படக் கலைஞரின் பக்கமும் அமையும். எந்த வகையாயினும் ஒரு முனை யாரோ ஒருவரின் கண் உயரத்தில் நீண்டு நிற்கிறது என்பதால், தண்டின் முனையில் ரப்பர் மூடியையோ, துளையிட்ட டென்னிஸ் பந்தையோ செருகிவைப்பது கட்டாயம். குழந்தைகளைப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்களில் இதற்கு விலக்கே இல்லை.

வெள்ளி நிற உட்புறம் வெள்ளையைக் காட்டிலும் கூடுதல் ஒளியையும் கூடுதல் பளபளப்பையும் தரும். வேறுபாடு துணியைப் பொறுத்தது. பொருத்தும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

தண்டும் துளையும்

எல்லாக் குடைத் தண்டுகளும் ஒரே பருமன் கொண்டவை என்ற எண்ணமே முதல் தவறு. பரவலாகக் காணப்படும் தண்டின் விட்டம் 8 மி.மீ. ஆகும். எலின்குரோம் விளக்குகளில் உடலோடு அமைந்த துளை மரபாக 7 மி.மீ. தண்டுக்கு உரியது, அதில் 8 மி.மீ. தண்டு நுழையாது. மிகப் பெரிய குடைகளில் 10 மி.மீ. வரை பருத்த தண்டுகளும் உண்டு. குடை வாங்கும் முன்னர் வெர்னியர் அளவியால் துளையை அளந்து குறித்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை. அளக்காமல் வாங்கியவர்கள் பின்னர் செய்யும் வேலைதான் ஆபத்தானது.

அவ்வாறு செய்யப்படும் வேலைகளுள் மோசமானது, விளக்கின் துளையை ட்ரில்லால் பெரிதாக்குவது. உலோகத் துகள் ஒன்று உடலுக்குள் விழுந்து மின்சுற்றில் படிந்தாலும் போதும், விளக்கு பழுதாகும். உடலுக்கு மின்கசிவும் ஏற்படலாம். தண்டு பருத்ததாக இருந்தால் செய்யத்தக்கது, ஸ்டாண்டின் மேல் தனியாகப் பொருத்தும் குடைப்பிடியை, அதாவது தண்டுக்குத் துளையும் விளக்குக்கு முளையும் கொண்ட உலோக இணைப்பை, வாங்கிக்கொள்வதே. தண்டு மெலிந்ததாக இருந்து துளைக்குள் ஆடினால், துளைக்குள் அமரும் பகுதியில் துணிநாடாவை இரண்டு சுற்றுச் சுற்றினால் ஆட்டம் நின்றுவிடும். குடையைப் பலமுறை முன்னும் பின்னும் நகர்த்துவோர் நாடாவுக்குப் பதில் மெல்லிய குழாய்த் துண்டு ஒன்றை உறையாகப் போடலாம்.

துளை எங்கே அமைந்திருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. சில விளக்குகளில் அது உடலிலேயே, ஒளிக்குழாய்க்குச் சற்றுக் கீழே உள்ளது; சிலவற்றில் ஸ்டாண்டோடு இணையும் அடிமூட்டில் உள்ளது. போவன்ஸ் வகை ரிஃப்ளெக்டர்களின், அதாவது ஒளிக்குழாயைச் சுற்றி அமர்ந்து ஒளியை முன்னோக்கிச் செலுத்தும் கிண்ணங்களின், விளிம்பிலும் ஒரு துளை இருக்கும். ரிஃப்ளெக்டரில் உள்ள துளை தண்டுக்கு வழிவிடுவதற்கு மட்டுமே உரியது. அங்கே இறுக்கும் திருகு கிடையாது. பெரிய குடையை அந்தத் துளையை மட்டும் நம்பிச் செருகினால் முழு எடையும் மூன்று காதுகளின் மேல் விழுகிறது. பூட்டு தேய்ந்த விளக்கில் குடையும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்தே கழன்று விழும்.

திருகை முடுக்குவதற்கும் அளவு உண்டு. குடைத் தண்டு பெரும்பாலும் உள்ளீடற்ற குழாய். எதிர்ப்பு தெரிந்த பின்னர் கால் சுற்று முடுக்கினால் போதுமானது. கைவலிக்க முடுக்கினால் குழாயில் குழி விழும். குழி விழுந்த தண்டு அடுத்த முறை அதே குழியிலேயே வழுக்கி அமரும், குடையை விரும்பிய தொலைவில் நிறுத்த முடியாது, வளையத் தொடங்கும் இடமும் அதுவாகவே இருக்கும்.

சாய்வு மூட்டு

விளக்கை மேலும் கீழும் சாய்ப்பதற்காக அதன் அடியில் கைப்பிடியுடன் அமைந்திருக்கும் மூட்டே சாய்வு மூட்டு. ஒரு கிலோ எடையுள்ள குடையின் எடைமையம் இந்த மூட்டிலிருந்து 70 செ.மீ. தொலைவில் இருந்தால், அது மூட்டைத் திருப்பும் வலிமையில் 10 செ.மீ. தொலைவில் தொங்கும் ஏழு கிலோ எடைக்குச் சமமாகிறது. குடை ஒரு கிலோதானே என்று கருதிப் பிளாஸ்டிக் மூட்டில் மாட்டுவோர் இந்தக் கணக்கை மறந்துவிடுகின்றனர். தொடக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் விளக்கு அரை மணி நேரத்தில் சிறிது சிறிதாகத் தலை கவிழ்வதும், படங்களில் ஒளி மெல்லக் கீழிறங்குவதும் இந்த மூட்டு வழுக்குவதன் அடையாளமே.

மூட்டுகளில் இரு வகை உண்டு. உராய்வால் பிடிப்பவை எந்தக் கோணத்திலும் நிற்கும், ஆனால் வழுக்கும். பற்களால் பிடிப்பவை குறிப்பிட்ட படிகளில் மட்டுமே நிற்கும், ஆனால் வழுக்குவதில்லை. பெரிய குடைக்குப் பல் மூட்டே ஏற்றது. பல் மூட்டைச் சாய்க்கும்போது கைப்பிடியை முழுமையாகத் தளர்த்திப் பற்கள் விலகிய பின்னரே திருப்ப வேண்டும்; அரைகுறையாகத் தளர்த்திவிட்டுக் குடையைப் பிடித்து இழுத்தால் பற்களின் நுனி மழுங்கி, சில மாதங்களில் அதுவும் உராய்வு மூட்டாக மாறிவிடும். விளக்கின் உடல் மூட்டுக்குப் பின்னால் நீண்டிருந்தால் அது குடையின் எடையை ஓரளவு சமன் செய்கிறது. ஆகவே கனமான மோனோலைட், இவ்விடத்தில் மட்டும், இலேசான சிறு பேட்டரி விளக்கைக் காட்டிலும் நன்மை தருகிறது.

ஸ்டாண்டு

விளக்கு அமரும் முளை பொதுவாக 16 மி.மீ. விட்டம் கொண்டது. முளையின் நடுவில் உள்ள பள்ளத்தில் மூட்டின் திருகு சரியாக அமர வேண்டும். அப்போதுதான் திருகு சற்றுத் தளர்ந்தாலும் விளக்கு மேலெழுந்து கழன்றுவிடாது. முளை பிளாஸ்டிக்காக இருந்தால் அந்த ஸ்டாண்டைப் பெரிய குடைக்குப் பயன்படுத்தக் கூடாது.

மூன்று கால்களையும் முழுமையாக விரித்து, ஒரு கால் குடை நீண்டிருக்கும் திசையை நோக்கும்படி வைக்க வேண்டும். முக்காலி எப்போதும் இரு கால்களுக்கு இடைப்பட்ட திசையில்தான் எளிதாகச் சாயும். எடையின் திசையில் ஒரு கால் இருந்தால் அந்த வாய்ப்பு குறைகிறது. மணல் பையை எடைக்கு எதிர்ப்பக்கத்துக் காலின் மேல், தரையைத் தொடாதபடி தொங்கவிட வேண்டும். தரையில் கிடக்கும் பை தன் எடையைத் தரைக்கே கொடுக்கிறது; ஸ்டாண்டுக்கு அதனால் பயனில்லை. உயர்த்தும்போது பருத்த குழாயை முதலில் நீட்டி, மெல்லிய மேல்குழாயை இயன்றவரை உள்ளேயே விடுவது ஆட்டத்தைக் குறைக்கும்.

ஒளிக்குழாயும் ரிஃப்ளெக்டரும்

விளக்கோடு சேர்ந்து வரும் ஏழு அங்குல ரிஃப்ளெக்டர் ஒளியை ஏறத்தாழ 60 முதல் 70 பாகைக் கோணத்துக்குள் அடக்குகிறது. குடையின் உச்சியிலிருந்து 65 செ.மீ. தொலைவில் விளக்கு இருந்தால், இந்தக் கோணம் துணியின் நடுவில் 80 செ.மீ. அளவுள்ள வட்டத்தையே நிரப்பும். விளிம்புப் பகுதி இருண்டு கிடக்கும். 165 செ.மீ. குடைக்குப் பணம் கொடுத்தவர் இவ்வாறு 80 செ.மீ. குடையின் ஒளியைத்தான் பெறுகிறார். இது மிகப் பரவலான தவறு. படம் பார்த்துக் கண்டறிவதும் கடினம், ஏனெனில் ஒளி கெட்டுப்போவதில்லை, எதிர்பார்த்த அளவு மென்மையாக இல்லை என்பது மட்டுமே.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. முதலாவது, குடைக்கென்றே செய்யப்பட்ட அகன்ற, ஆழமற்ற ரிஃப்ளெக்டர். இது ஒளியை அகலப் பரப்புவதுடன் பின்பக்கமாகச் சிதறும் ஒளியையும் தடுக்கிறது. இரண்டாவது, ரிஃப்ளெக்டரே இல்லாமல் குழாயை வெறுமையாக விடுவது. குடை முழுமையாக நிரம்பும், ஆனால் ஒரு பகுதி ஒளி பக்கவாட்டில் சென்று சுவரிலும் கேமரா லென்சிலும் படும். சுவர்கள் வெள்ளையான சிறிய அறையில் முதல் வழியே சிறந்தது.

பொருத்தும் வரிசை: கூரையுள்ள இடத்தில்

கீழ்க்காணும் வரிசையில் விளக்கு மின்சாரத்தோடு இணைக்கப்படுவது கடைசிக்கு அருகில்தான் வருகிறது. அதை முன்னே கொண்டுவருவதால் எந்த நன்மையும் இல்லை.

1. இடத்தைத் தேர்ந்து, மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும். குடையின் மையம் 2 மீட்டர் உயரத்தில் நின்றால் அதன் மேல்விளிம்பு 2.8 மீட்டரைத் தொடும். பத்தடி உயரக் கூரையில் தொங்கும் மின்விசிறியின் இறக்கை அதற்குக் கீழேயே சுழலும் என்பதால், விசிறியை நிறுத்துவதோடு, உதவியாளர் தவறிப் போட்டுவிடாதபடி சுவிட்சின் மேல் நாடாவும் ஒட்டிவிட வேண்டும்.

2. ஸ்டாண்டை மிகத் தாழ்ந்த நிலையில் வைத்து, கால்களை முழுமையாக விரித்து, மணல் பையை மாட்ட வேண்டும். விளக்கை ஏற்றிய பின்னர் பையைத் தேடும் பழக்கம் கைவிடத்தக்கது.

3. மின்கம்பி இணைக்கப்படாத விளக்கை முளையில் அமர்த்தித் திருகை முடுக்கி, மேல்நோக்கி ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும்.

4. ஒளிக்குழாயின் மேல் போக்குவரத்துக்காகப் போடப்பட்ட பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற வேண்டும். மறந்துவிட்டு மாடலிங் விளக்கை, அதாவது ஒளி விழும் இடத்தை முன்கூட்டிக் காட்டுவதற்காகத் தொடர்ந்து எரியும் சிறுவிளக்கை, ஏற்றினால் மூடி உருகிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும். குழாயை வெறும் விரலால் தொடக் கூடாது. தொட நேர்ந்தால் ஆறிய நிலையில் உலர்ந்த தூய துணியால் துடைக்க வேண்டும்.

5. ரிஃப்ளெக்டரைச் செருகித் திருப்ப வேண்டும். பூட்டு விழும் ஒலி கேட்ட பின்னரும் எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்ப்பது நல்லது. ஒலி கேட்டுவிட்டது என்பதாலேயே மூன்று காதுகளும் அமர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

6. சாய்வு மூட்டைக் கிடைநிலையில் நிறுத்தி இறுக்க வேண்டும். குடை ஏறும்போது மூட்டு சாய்ந்திருந்தால் தண்டு துளைக்குள் கோணலாக நுழைந்து பிதுங்கும்.

7. குடையை விளக்கிலிருந்து விலகி நின்று, கூம்பு முனை தரையை நோக்க, மெல்ல விரிக்க வேண்டும். கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கியிருந்தால் வலிந்து தள்ளாமல், ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே வளையத்தை மேலேற்ற வேண்டும். வளையம் என்பது தண்டில் ஏறியிறங்கிக் கம்பிகளை விரிக்கும் பகுதி. அது வில்பூட்டில் சொடுக்கென்று விழும்வரை தண்டிலிருந்து கையை எடுக்கக் கூடாது.

8. ஒருவர் விளிம்பைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் தண்டைத் துளைக்குள் செலுத்த வேண்டும். இந்த அளவுக் குடையைத் தனியாளாக ஏற்ற முடியும். எனினும் ஒரு கை தண்டிலும் மறு கை திருகிலும் இருக்கும் அந்த இரண்டு நொடிகளில்தான் பெரும்பாலான தண்டுகள் வளைகின்றன.

9. தண்டின் மூன்றில் ஒரு பங்கு விளக்கின் பின்புறம் வரும்படி நிறுத்தித் திருகை முடுக்க வேண்டும். இது தொடக்க நிலையே. சரியான தொலைவு பின்னர் பார்க்கப்படும். வால்முனையில் பந்தை இப்போதே செருகிவிட வேண்டும்.

10. மின்கம்பியை ஸ்டாண்டின் அடியில் ஒரு காலோடு தளர்வாகக் கட்டி, பின்னர் விளக்கில் செருக வேண்டும். யாராவது கம்பியில் இடறினாலும் இழுப்பு காலில் நிற்கும், விளக்கின் உச்சிக்குப் போகாது.

11. மண் இணைப்பு கொண்ட மூன்று முனைப் பிளக்கில் மின்சாரம் கொடுத்து, மிகக் குறைந்த ஆற்றலில் ஒருமுறை ஒளிரச் செய்து பார்க்க வேண்டும்.

12. கடைசியாகவே உயரத்தைக் கூட்ட வேண்டும். ஒரு கை மேல்குழாயைப் பிடித்திருக்க, மறு கை கழுத்துத் திருகைத் தளர்த்த வேண்டும். விரும்பிய கோணத்துக்குச் சாய்க்கும்போது விளிம்பைப் பிடித்து இழுக்காமல், விளக்கின் உடலைத் தாங்கியபடி மூட்டைத் தளர்த்துவதே முறை.

குடையின் தொலைவைச் சரிசெய்தல்

தண்டை முன்னும் பின்னும் நகர்த்துவதால் துணியில் விழும் ஒளிவட்டம் சுருங்கி விரிகிறது. அறை விளக்குகளை அணைத்து, மாடலிங் விளக்கை மட்டும் ஏற்றி, மனிதர் அமரும் இடத்திலிருந்து குடையைப் பார்க்க வேண்டும். வட்டத்தின் ஓரம் துணியின் விளிம்புக்குச் சற்று உள்ளே நிற்கும் நிலையே சரியானது. வட்டம் சிறிதாயின் குடை விளக்குக்கு மிக அருகில் இருக்கிறது; தண்டைத் தளர்த்திக் குடையை அப்பால் தள்ள வேண்டும். ஒளி விளிம்பைத் தாண்டிக் கூரையிலும் சுவரிலும் படிந்தால் குடையை உள்ளே இழுக்க வேண்டும். தண்டின் முழு நீளத்தையும் பயன்படுத்திய பின்னரும் வட்டம் நிரம்பவில்லையெனில் குறை ரிஃப்ளெக்டரில்தான் இருக்கிறது. மேற்சொன்ன அகன்ற வகைக்கு மாற வேண்டும்.

துளை குழாய்க்குக் கீழே இருப்பதால் ஒளிவட்டத்தின் மையம் குடையின் மையத்தோடு பொருந்தாமல் சற்று மேலே விழுவது இயல்பு. வெள்ளைத் துணியில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆழமான வெள்ளிக் குடையில் மட்டும் ஒளி ஒருபுறம் கனத்துவிடும். அவ்வகைக் குடைக்குத் தண்டை மையத்துக்கு அருகே கொண்டுவரும் பிளவு கொண்ட ரிஃப்ளெக்டர் பயன்படும்.

சரியான தொலைவு கிடைத்தவுடன் அந்த இடத்தில் தண்டின் மேல் வண்ண நாடாவால் ஒரு கோடு ஒட்டிவிட்டால், அடுத்த முறை இந்த ஆய்வு தேவைப்படாது. பழகிய ஸ்டூடியோக்களில் குடைத் தண்டுகளில் இரண்டு மூன்று நிறக் கோடுகள் இருப்பது இதனால்தான்.

வெப்பமும் மின்சாரமும்

மாடலிங் விளக்கு ஹாலஜன் வகையாயின் 150 அல்லது 250 வாட் வெப்பத்தைத் தொடர்ந்து வெளியிடுகிறது. திறந்த குடையில் அந்த வெப்பம் வெளியேறிவிடும். குடையின் வாயில் மென்துணி உறை போட்டால், அதாவது ஒளியை மேலும் மென்மையாக்கும் வெள்ளைத் துணியால் வாயை மூடினால், வெப்பம் உள்ளேயே தங்குகிறது. அப்போது மாடலிங் விளக்கைக் குவித்தல் முடிந்தவுடன் அணைத்துவிட வேண்டும். எல்இடி வகையாயின் இக்கவலை குறைவு. எந்நிலையிலும் துணி ஒளிக்குழாயைத் தொடும் வாய்ப்பு இருக்கக் கூடாது.

மின்தேக்கிகளைப் பற்றிய எச்சரிக்கை சுருக்கமாகவும் உறுதியாகவும் சொல்லப்பட வேண்டியது: விளக்கின் உடலைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் உள்ளே பல நூறு வோல்ட் அழுத்தத்தில் மின்னாற்றல் தங்கியிருக்கும். அது உயிரைப் பறிக்க வல்லது. ஒளிக்குழாயை மாற்ற வேண்டியிருந்தாலும், ஆற்றலை மிகக் குறைத்து, சோதனைப் பொத்தானை அழுத்தி ஒளிரச் செய்து, சுவிட்சை அணைத்து, பிளக்கை எடுத்து, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பின்னரே தொட வேண்டும்.

வெளிப்புறத்தில்: காற்றுக்கு எதிரான கணக்கு

மணிக்கு 18 கி.மீ. வேகக் காற்று என்பது மரத்தின் சிறு கிளைகளை அசைக்கும் சாதாரணக் காற்றுக்கும் குறைந்ததே. அது 165 செ.மீ. குடையின் உட்குழிவில் நேராகப் பட்டால் ஏறத்தாழ நான்கு கிலோ எடையின் விசையோடு தள்ளும். குடை 2 மீட்டர் உயரத்திலும், ஸ்டாண்டின் கால் ஒவ்வொன்றும் மையத்திலிருந்து அரை மீட்டர் நீண்டும் இருந்தால், முக்காலி சாயும் கோடு மையத்திலிருந்து கால் மீட்டர் தொலைவில்தான் அமைகிறது. நான்கு கிலோ விசையை 2 மீட்டர் உயரத்தில் எதிர்க்க, கால் மீட்டர் தொலைவில் முப்பது கிலோவுக்கு மேற்பட்ட எடை தேவைப்படுகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். அதாவது நூறு கிலோவைத் தாண்டிய மணல் பைகள் வேண்டும். அவ்வளவையும் கடற்கரைக்குச் சுமந்து செல்வோர் இல்லை.

எனவே வெளிப்புறத்தில் பெரிய குடைக்கு உரிய முதல் விதி, காற்றில்லாத இடத்தை நாடுவதே. சுவரின் மறைவு, மண்டபத்தின் உட்புறம், அடர்ந்த தோப்பு ஆகியவை ஏற்றவை. அடுத்தது, ஸ்டாண்டு நிற்கும்வரை ஓர் ஆள் அதைப் பிடித்தபடி இருக்க வேண்டும். வேறு வேலைக்கு அவரை அனுப்பக் கூடாது. பொருத்தும் வரிசையும் இங்கே மாறுகிறது: விரித்த குடையைச் சுமந்து வந்தால் காற்று அதைப் பறித்துவிடும் என்பதால், மூடிய குடையைத் துளையில் செருகி இறுக்கி, எல்லாம் ஆயத்தமான பின்னர் கடைசியாக விரிக்க வேண்டும். கழற்றும்போது முதலில் மூடுவதும் குடையையே. உட்குழிவு காற்று வரும் திசையை நோக்காமல் இருந்தால் விசை சற்றுக் குறையும். ஆனால் காற்றின் திசை மாறுவதற்கு நொடிகள் போதும் என்பதால் அதை நம்பி ஆளைக் குறைப்பது அறியாமை. மழைத்துளி விழத் தொடங்கினால், பேட்டரி விளக்காயினும், படப்பிடிப்பை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

பொருட்களை வாங்கும் வரிசையையும் இங்கே சொல்லிவிடலாம். கடைகளில் பெரும்பாலோர் முதலில் குடையை வாங்கி, மிஞ்சிய பணத்தில் ஸ்டாண்டைத் தேடுகின்றனர். இதைத் தலைகீழாக்கிக் கனமான ஸ்டாண்டு, இரண்டு மணல் பைகள், உலோகப் பல் மூட்டு ஆகியவற்றை வாங்கி, 165 செ.மீ.-க்குப் பதில் 130 செ.மீ. குடையோடு நிறுத்திக்கொள்பவரே கருவிகளை நெடுநாள் வைத்திருப்பார்.

கழற்றுதல்

1. மாடலிங் விளக்கை அணைத்து, ஒருமுறை ஒளிரச் செய்து, சுவிட்சை அணைத்து, பிளக்கை எடுக்க வேண்டும். விளக்கு ஆறுவதற்குப் பத்து நிமிடமேனும் விட வேண்டும்.

2. ஸ்டாண்டைத் தாழ்த்த வேண்டும். கழுத்துத் திருகைத் தளர்த்தும் முன்னர் மேல்குழாயை இறுகப் பற்றியிருக்க வேண்டும். இல்லையேல் விளக்கும் குடையும் சேர்ந்து ஒரே வீச்சில் இறங்கி, இடையில் சிக்கிய விரலை நசுக்கும். காற்று நிரப்பிய ஸ்டாண்டுகளில் இறக்கம் மெதுவாக இருக்கும் என்பது உண்மையே. பழைய ஸ்டாண்டுகளில் அந்தக் காற்று கசிந்திருக்கும் என்பதும் உண்மையே.

3. தண்டைக் கையால் தாங்கிய பின்னரே அதன் திருகைத் தளர்த்த வேண்டும்.

4. குடையை மூடும் முன்னர், வியர்வையோ பனியோ பட்ட துணி உலர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஈரத்தோடு மடித்த வெள்ளைத் துணியில் ஏறும் பழுப்புக் கறை போவதில்லை. அது பின்னர் முகத்தின் நிறத்தையும் மாற்றிக் காட்டும்.

5. மூடிய குடையை உறையில் இட்டு நிறுத்தியோ தொங்கவிட்டோ வைக்க வேண்டும். மேலே வேறு கருவிகளை அடுக்கினால் கம்பிகள் ஒருபக்கம் வளைந்துவிடும்.

6. விளக்கின் மூடியைப் போட்டு அதை உறையில் வைக்க வேண்டும். குடை உறைக்குள் போகும் முன்னரே அதன் தண்டை வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்திருக்க வேண்டும். சிறு குழி எனில் திருகு படும் இடத்தை இரண்டு செ.மீ. தள்ளி அமைத்துப் பயன்படுத்தலாம். தண்டு வளைந்திருந்தால் நிமிர்த்திப் பயன்படுத்த முயலக் கூடாது; ஒருமுறை வளைந்த உள்ளீடற்ற குழாய் அதே இடத்தில் மீண்டும் மடியும்.